சீனத்து மண்வெட்டிக் காசை இனம் காண்பது எப்படி?

மண்வெட்டிக் காசு என்பது பழஞ்சீனத்தில் மண்வெட்டி வடிவில் வார்த்த வெண்கல நாணயம்; மேலே தலை, கீழே இரண்டு கால்கள். அதன் படத்தைப் பார்த்ததும் எழுத்தைத்தான் எல்லோரும் தேடுகிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். உருவமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும்.

படி 1: தலை

நிஜ மண்வெட்டியில் காம்பு செருகுகிற குழி, பழைய காசுகளில் அப்படியே இருக்கும். பழஞ்சீனத்தை ஆண்ட சவு வம்ச மன்னர்களின் லோயாங் வட்டாரத்தில் கி.மு. 6, 5ஆம் நூற்றாண்டுகளில் புழங்கியவை இவை. வார்க்கும்போது உள்ளே வைத்த களிமண் சிலவற்றில் இன்றும் இறுகிக் கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். தலை தட்டையாக இருந்தால் பெரும்பாலும் போரிடும் நாடுகள் காலத்துக் காசு, அதாவது கி.மு. 221 வரை சீனம் பல நாடுகளாகப் பிரிந்து மோதிக்கொண்ட காலம்.

படி 2: கால்

கூர்ங்கால் என்றால் அந்த நாடுகளில் ஒன்றான சாவோ. கால்களுக்கு நடுவே வளைவு இருந்தால் பெரும்பாலும் வெய் நாடு. சதுரக்கால்தான் அதிகம் கிடைக்கும். அதைப் பல நாடுகள் வார்த்ததால் எழுத்தைப் படிக்காமல் தீராது.

படி 3: எழுத்து

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கைப்பேசிச் செயலிகளை நம்பாதீர்கள். கி.மு. 221இல் சின் பேரரசு எழுத்தை ஒரே சீராக்குவதற்கு முன் வார்த்த காசுகள் இவை. ஊருக்கு ஊர் எழுத்து மாறும். நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் முதல் எழுத்து, இடப்பக்கம் அடுத்தது என்றே பெரும்பாலும் வரும். பெரும்பாலும் ஊர்ப்பெயர்தான் எழுதியிருக்கும்; 'அன்யாங்' என்ற ஊர்ப்பெயர் உள்ள காசில் தொடங்குங்கள். வலப்பக்கம் ஒரு கூரை, அதன் கீழே உட்கார்ந்திருக்கும் பெண்: அது 'அன்'. இடப்பக்கம் மேலே சூரியன், கீழே சாய்ந்த கோடுகள்: 'யாங்'. இந்த 'யாங்' பிடிபட்டால் பிங்யாங், ஜின்யாங் காசுகளும் பாதி படித்த மாதிரிதான்.

ஒப்பிட்டுப் பார்க்க பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பையே சொல்வேன். ஏலத் தளப் படங்களை வைத்துப் பழகவே வேண்டாம்.

படி 4: காசு கையில் இருந்தால்

டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள், தேய்ந்த கோடுகளும் எழும்பித் தெரியும். புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பச்சைப் படிவு போனால் காசின் வயதுக்கான தடயமும் போய்விடும்.

பின்சேர்க்கை: தலையில் துளை உள்ள காசு பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். துளை ஒன்றே என்றால் பெரும்பாலும் பிற்காலச் சீனப் பேரரசர் வாங் மாங் காலம். பழைய வடிவத்தை அவர் கி.பி. 10இல் மீட்டார்; 14இல் வந்த அவரது 'ஹுவோ பு' என்ற மண்வெட்டிக் காசு சுமார் 58 மில்லிமீட்டர் நீளம். கால்களிலும் ஒவ்வொரு துளை இருந்தால் அது போரிடும் நாடுகள் காலத்து மூன்று துளைக் காசு. மிக அரிது. யாராவது மலிவாகத் தந்தால் நகல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.