கோபால்ட் ஃபெரைட்டின் படிகக் கட்டமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடான கோபால்ட் ஃபெரைட்டின் பொடியைச் செம்புக் குழாய் உள்ள எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுக் கருவியில் வைத்தால், உச்சங்களுக்கு அடியில் இருக்கும் பின்னணி ஏறிவிடும். செம்பின் கதிர் 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட். ஓர் அணு கதிரைப் பலமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றலான கே-விளிம்பு, இரும்புக்கு 7.11, கோபால்ட்டுக்கு 7.71. அதனால் இரண்டு உலோகமும் கதிரை உறிஞ்சித் தாமே ஒளிரும். மாதிரிக் கட்டமைப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்தவில்லை என்று காட்டும் எண் ஆர்-டபிள்யூபி. பின்னணியைக் கழிக்காமல் கணக்கிட்டால் அது, பின்னணி உயர உயரக் குறைந்துகொண்டே போகும் என்பதுதான் ஆபத்து. ரியட்வெல்ட் பொருத்தத்தில் (முழு அளவீட்டு வரைவையும் மாதிரிக் கட்டமைப்போடு பொருத்தும் முறை) ஆர்-டபிள்யூபி 3 சதவீதம் வந்ததும் கட்டமைப்பு சரி என்று முடிவு செய்யாதீர்கள்; உச்சங்களின் அடியில், அளந்ததற்கும் கணக்கிட்டதற்கும் உள்ள வேறுபாட்டுக் கோட்டைப் பாருங்கள். ஒளிர்வை வடிகட்டும் கிராஃபைட் மோனோகுரோமேட்டரோ கோபால்ட் குழாயோ கிடைத்தால் அதில் அளப்பதே மேல்.

பொடியின் மட்டத்தையும் பலர் பொருட்படுத்துவதில்லை. 240 மி.மீ. ஆரமுள்ள கருவியில் பொடி 0.1 மி.மீ. மேலே நின்றால், 35.5 டிகிரியில் உள்ள 311 உச்சம் (311 என்பது அதைத் தரும் படிகத் தளத்தின் குறியீடு) சுமார் 0.045 டிகிரி வலப்பக்கம் நகரும். அந்த ஓர் உச்சத்திலிருந்து கணக்கிட்டால் அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறு பெட்டியின்) நீளம் 0.01 ஆங்ஸ்ட்ராம் குறைந்து தெரியும். அதையே மாசூட்டலின் (வேறு தனிமத்தைச் சிறிது சேர்த்ததின்) விளைவு என்று எழுதிவிடுகிறார்கள். உச்சங்களின் இடம் துல்லியமாகத் தெரிந்த சிலிக்கான் பொடியை 10 சதவீதம் கலந்து அளந்தால் பிழை தெரிந்துவிடும்.

ஹெமடைட் என்னும் இரும்பு ஆக்சைடு கலந்திருந்தால் அதன் 35.6 டிகிரி உச்சம் 311-க்குள் மறைந்துகொள்ளும். ஆனால் ஹெமடைட்டின் இன்னோர் உச்சம் 33.2 டிகிரியில் வரும்; அங்கே ஸ்பைனலுக்கு (கோபால்ட் ஃபெரைட்டின் கட்டமைப்பு வகை) உச்சமே இல்லை. அங்கே சிறு மேடு தெரிந்தாலும் விடாதீர்கள்.

ஸ்பைனலின் சமச்சீர் வகையான இடக்குழு 227-க்கு, அணுக்களின் இடத்தை அளக்கத் தொடங்கும் ஆதிப்புள்ளிகள் இரண்டு உண்டு. ஆக்சிஜனின் ஆயம் (இட எண்) ஒன்றில் 0.25-ஐ ஒட்டியும், மற்றதில் 0.375-ஐ ஒட்டியும் இருக்கும். உலோக இடங்களை ஒன்றிலிருந்தும் ஆக்சிஜனை மற்றதிலிருந்தும் எடுத்தால் பொருத்தம் சிதறும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, எந்த உலோகம் நான்முகி இடத்தில் (சுற்றிலும் நான்கு ஆக்சிஜன்), எது எண்முகி இடத்தில் (சுற்றிலும் ஆறு ஆக்சிஜன்) என்பதை இந்த எக்ஸ்-கதிர் அளவீட்டிலிருந்தே சொல்வது. இரும்பில் 26 எலக்ட்ரான், கோபால்ட்டில் 27. எக்ஸ்-கதிருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மென்பொருள் ஓர் எண்ணைத் தரத்தான் செய்யும், ஆனால் அது வெப்ப அதிர்வு மதிப்போடு பின்னிக் கிடக்கும். நியூட்ரானுக்கோ இரும்பின் சிதறல் நீளம் 9.45 ஃபெம்டோமீட்டர், கோபால்ட்டினுடையது 2.49; ஆகவே இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரியும். நியூட்ரான் வசதி இல்லாவிட்டால், காந்தப்புலத்தில் குறைந்த வெப்பநிலை மோஸ்பவர் அளவீடு (இரும்பு அணுக்கரு காமா கதிரை உறிஞ்சுவதை அளப்பது) செய்யுங்கள். பழைய கட்டுரையின் எண்ணை அப்படியே நிரப்பிவிடவும் கூடாது: மெல்லக் குளிர்வித்த மாதிரியிலும் சட்டென்று குளிர்வித்த மாதிரியிலும் இந்தப் பங்கீடு ஒன்றாக இராது.