இரைப்பை ஆப்பரேஷன் முடிஞ்சு குமரிக்கு வாரவங்களுக்கு: மரச்சீனி, மீனு, பந்தி எல்லாத்தையும் எப்படிச் சமாளிக்கது

மே மாசம் நடுவுல எனக்கு ஸ்லீவ் ஆப்பரேஷன், அதாவது எடை கொறைக்கதுக்கு இரைப்பைய சின்னதாக்குற ஆப்பரேஷன், நடந்துச்சு. ஜூலை கடைசில பிள்ளைகளுக்கு லீவு, ஷார்ஜால இருந்து திருவனந்தபுரம், அங்கருந்து கார்ல தக்கலைக்குப் பக்கத்துல எங்க வீடு. கணக்குப் பாத்தா அது பத்தாவது வாரம், கட்டியான சாப்பாடு தொடங்கலாம்னு டயட்டீஷியன் சொல்லி ரெண்டே வாரம் தான் ஆகியிருந்துச்சு. வீட்டுல கேறினதும் பெரியம்மை பிஞ்ஞாணம் நெறைய மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவிச்சதும் தேங்கா அரைச்ச மீன் கொழம்பும் கொண்டு வந்து, "வழியில என்னத்தத் தின்னிருப்ப மக்களே, முதல்ல இதைத் தின்னு"ன்னு கையில தந்துட்டாங்க. பசி, ஊரு வாசனை, ரெண்டு வருசம் கழிச்சுப் பாக்குற ஆசை, எல்லாம் சேந்து நாலு வாய் வேகமா தின்னுட்டேன். அஞ்சாவது வாய் எடுக்குறதுக்குள்ள நெஞ்சுக்கு நடுவுல ஒரு கல்லு வந்து உக்காந்த மாதிரி அழுத்தம், வாயில தண்ணியா ஊறுது, ஊறுறது அப்படியே நுரையா வருது. தண்ணி குடிச்சா எறங்கும்னு நெனச்சு ஒரு மடக்கு குடிச்சேன், அதுவும் எறங்காம மேல வந்துட்டு. பின்வாசல் படியில முக்கா மணி நேரம் உக்காந்திருந்தேன், பெரியம்மை முதுகத் தடவிக்கிட்டே அழுதாங்க, தான் ஏதோ கெடுதல் பண்ணிட்ட மாதிரி.

அதுக்குப் பெறவு மூணு வாரம் ஊர்ல இருந்தேன், ஒரு தடவ கூட அடைக்கல. மீனும் தின்னேன், பயறும் கஞ்சியும் குடிச்சேன், ஒரு கல்யாணப் பந்தியிலயும் இருந்தேன். நம்ம ஊரு சாப்பாட்ட விட்டு ஒதுங்கி, பெட்டில கொண்டு வந்த புரோட்டீன் பவுடரக் கலக்கிக் குடிச்சிட்டு ஓரமா இருக்கணும்னு ஒண்ணும் இல்ல, எதை முதல்ல தின்னணும் எதைக் கடைசிக்கு வைக்கணும் எதுக்கு இன்னும் ஆறு மாசம் காத்திருக்கணும்னு தெரிஞ்சா போதும். அதத்தான் இங்க எழுதுறேன், ஆனா உங்க டாக்டர் வேற மாதிரி சொல்லியிருந்தா அவரு சொல்லுறது தான் கணக்கு.

முதல்ல டிக்கெட் போடுற தேதி. பொதுவா முதல் ஒண்ணு ரெண்டு வாரம் தண்ணி மாதிரி ஆகாரம், பெறவு அரைச்சு மசிச்சது, நாலாவது வாரத்துக்கு மேல மெதுவான சாப்பாடு, ஆறு எட்டு வாரம் ஆனாத்தான் கட்டியானது. ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கொஞ்சம் முன்ன பின்ன சொல்லுவாங்க. இந்தப் படி மாறுற நேரத்துல ஊருக்கு வராதீங்க. புதுசா ஒவ்வொண்ணா தின்னு பாத்து எது ஒத்துக்குது எது அடைக்குதுன்னு உங்க சொந்த அடுக்களையில தெரிஞ்சுக்கிட்டு, மூணு மாசம் கழிச்சு வந்தா நிம்மதி. நான் அவசரப்பட்டேன். லண்டன், டொரண்டோல இருந்து வாரவங்களுக்கு இன்னொண்ணும் இருக்கு, அவ்வளவு நேரம் அசையாம உக்காந்து வந்தா கால்ல ரத்தம் கட்டுறதுக்கு வாய்ப்பு உண்டு, எப்ப பறக்கலாம்னு சர்ஜன்ட்ட கேட்டுட்டே புக் பண்ணுங்க.

மரச்சீனி ஏன் அடைச்சிச்சுன்னு சொல்லுறேன். ஸ்லீவ்ல இரைப்பையோட முக்கா பங்குக்கு மேல எடுத்துருவாங்க, மிச்சம் இருக்கது ஒரு ஒடுங்கின குழாய் மாதிரி. எடை கொறைக்க இன்னொரு ஆப்பரேஷன் பைபாஸ், அதுல இரைப்பையோட மேல்பக்கத்த ஒரு சின்னப் பையா பிரிச்சு நேரா குடலோட சேத்துருவாங்க, அந்தப் பை ஏறக்குறைய 30 மில்லி தான், ஒரு கோழிமுட்டை அளவு கூட வராது. மரச்சீனி மாவுப் பண்டம், சரியா மெல்லாம முழுங்கினா பசை மாதிரி கட்டியா நிக்கும். புட்டும் அப்படித்தான், உதிரியா இருக்கேன்னு நெனப்போம், உள்ள போயி ஈரம் பட்டு வீங்கும். பரோட்டா, பன்னு, இடியாப்பம் இதெல்லாம் உருண்டு தெரண்டு நிக்கும். இதுல இன்னொரு விசயம், 100 கிராம் மரச்சீனில ஒரு கிராம் ஒண்ணரை கிராம் தான் புரோட்டீன், நமக்கு ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேணும், பலருக்கு 80 வரைக்கும் சொல்லுவாங்க. இருக்குற இத்தணூண்டு எடத்த மாவு அடைச்சிட்டா புரோட்டீனுக்கு எடம் ஏது? முடி கொட்டுது, அசதியா இருக்குன்னு பெறவு சொல்லுறவங்க பாதிப் பேரு இங்க தான் வழுக்குறாங்க.

இப்ப மீனுக்கு வருவோம், ஏன்னா குமரிக்காரங்களுக்கு இது தான் பெரிய பாக்கியம். சாளை, அயிலை, நெத்திலி மாதிரி மீனுல 100 கிராம் சதைக்கு ஏறக்குறைய 20 கிராம் புரோட்டீன் இருக்கு, சதையும் பூப் போல, கோழியக் காட்டிலும் லேசா எறங்கும். ரெண்டாவது நாள் எனக்க மைனி (அண்ணி) என்ன செஞ்சாங்கன்னா, கொழம்புல கெடந்த ரெண்டு சாளைய எடுத்து நடு முள்ள அப்படியே உருவி, ஓரத்து சின்ன முள்ளையும் விரலால தடவித் தடவி எடுத்துட்டு, சதைய காப்பித் தட்டுல வச்சு ரெண்டு கரண்டி கொழம்புச் சாறு ஊத்தி முள்கரண்டியால மசிச்சுத் தந்தாங்க. பிள்ளைகளுக்கு முதல் முதலா மீனு ஊட்டும்போது செய்வோம்லா, அதே பக்குவம். டீஸ்பூனால அரை அரையா எடுத்து, ஒவ்வொண்ணையும் இருபது இருபத்தஞ்சு தடவ மென்னு, கரண்டிய கீழ வச்சிட்டு அடுத்தது. இருபத்தஞ்சு நிமிசம் ஆச்சு அந்தத் தட்டு முடிய. அடைக்கல. நெத்திலி அவியலும் இப்படித் தின்னலாம், காரத்தக் கொறைச்சு வைக்கச் சொல்லுங்க. பொரிச்ச மீனு ஓரம் மொறுமொறுன்னு காஞ்சிருக்கும், உள்சதைய மட்டும் எடுங்க. சூரை மீனு சதை காஞ்சு நாரா வரும், சாறு இல்லாம தின்னா சிக்கும். கணவாய் ரப்பர் மாதிரி, அதுக்கு அவசரமே இல்ல. நாட்டுக்கோழியும் அப்படித்தான்.

எந்த மாசம் வாறீங்கன்னும் பாத்துக்கோங்க. சின்னமுட்டம் உள்ள கிழக்குப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும், குளச்சல், தேங்காப்பட்டணம் உள்ள மேற்குப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. வளைகுடா பிள்ளைகளோட லீவு சரியா அங்க தான் வந்து விழும். வள்ளத்துல போறவங்க கொண்டு வார மீனு கெடைக்கும், ஆனா வெல கூடுதலா இருக்கும், ஐஸ்ல கெடந்த பழைய மீனும் சந்தைக்கு வரும். செவுளத் தூக்கிப் பாத்து வாங்குற ஆளு வீட்டுல யாரோ அவங்களையே அனுப்புங்க, பழைய மீனு நம்மள மாதிரி வயித்துக்காரங்களுக்கு ஆகாது.

மீனு தின்னாதவங்களுக்கு, இல்ல விரத நாளுக்கு, கஞ்சியும் பயறும் இருக்கு. சிறுபயற நல்லா கொழைய வேவிச்சு, முதல்ல பயறு, பெறவு மேல கஞ்சித் தண்ணி இல்லாம அடியில உள்ள சோறு ரெண்டு ஸ்பூன். சம்பா அரிசிச் சோறு பருக்கை பெருசு, கொழைய வேகலேன்னா தொடாதீங்க. முட்டை ஒண்ணுல 6 கிராம் புரோட்டீன், ஆப்பத்துக்கு நடுவுல உள்ள மெதுவான பாகத்துல ஒரு துண்டு பிய்ச்சு முட்டைக் கறியோட தின்னலாம். அவியல்ல உள்ள முருங்கக்காய சதைய மட்டும் வழிச்சு எடுங்க, சக்கையத் துப்புறோம்னு நெனச்சாலும் நாரு கொஞ்சம் உள்ள போயிரும். பனங்கிழங்கு முதல் வருசம் வேண்டவே வேண்டாம், அந்த நாரு வயித்துக்குள்ள உருண்டையா கட்டிக்கிடும். நுங்கு எளசா இருந்தா தோல எடுத்துட்டு மெல்ல தின்னுங்க, அது தண்ணிச்சத்துக்கும் நல்லது.

தண்ணி தான் இங்க நெறைய பேரு தப்பு பண்ணுற எடம். சாப்பிடும்போது தண்ணி கிடையாது, சாப்பிட்டு அரை மணி நேரமும் கிடையாது. மிச்ச நேரம் பூரா கையில பாட்டில் வேணும், ஒரு நாளைக்கு ஒண்ணரை லிட்டருக்குக் கொறையாம கொஞ்சம் கொஞ்சமா. ஊரு வேர்வைக்கு இது கஷ்டம், மாத்தூர் தொட்டிப்பாலம் மேல வெயில்ல ஒரு நடை போயிட்டு வந்தாலே நாக்கு வரண்டுரும், மடமடன்னு குடிக்கவும் முடியாது நமக்கு. காய்ச்சி ஆறின சீரகத் தண்ணி மட்டும் குடிங்க, ஏன்னா வயித்தால போனா மத்தவங்கள விட வேகமா நாம தளர்ந்துருவோம். ஓஆர்எஸ் பாக்கெட் நாலு வாங்கி வச்சுக்கோங்க. சோடா, கலர் வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம்.

இனிப்பு. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு சாயா, ரெண்டு முந்திரிக்கொத்து, ஏத்தங்கா சிப்ஸு, "அக்கானி எறக்கி வச்சிருக்கு, குடி மக்களே" (அக்கானின்னா பதநீர்) இப்படி வந்துக்கிட்டே இருக்கும். பைபாஸ் பண்ணினவங்களுக்கு, ஸ்லீவ் பண்ணினவங்கள்லயும் சிலருக்கு, இனிப்பு ஒரேயடியா குடலுக்குள்ள எறங்குனா பத்து நிமிசத்துல இருந்து அரை மணி நேரத்துக்குள்ள நெஞ்சு படபடப்பு, வேர்வை, மயக்கம், வயித்தால போறது எல்லாம் வரும், டம்பிங்னு சொல்லுவாங்க. சிலருக்கு ஒரு மணி மூணு மணி நேரம் கழிச்சு சுகர் கீழ எறங்கி கை நடுங்கும். பாயசமும் அக்கானியும் குடிக்கதுக்கு லேசா எறங்குறதுனால தான் ஆபத்து, அடைக்காது, நெறைய உள்ள போயிரும். பழம் தின்ன ஆசையா, 2023ல புவிசார் குறியீடு கெடைச்ச நம்ம மட்டிப் பழம் இருக்கே, சின்னது, பஞ்சு மாதிரி, சாப்பாடு தின்னு கொஞ்ச நேரம் கழிச்சு பாதி தின்னுங்க. சாயா சீனி இல்லாம ரெண்டு மடக்கு குடிச்சா வீட்டுக்காரங்களுக்கும் திருப்தி, ஆனா இரும்புச்சத்து மாத்திரை போட்ட நேரத்துல சாயா குடிக்காதீங்க, அந்தச் சத்து ஒடம்புல சரியா சேராது.

ஊர்க்காரங்கட்ட என்ன சொல்லுறதுன்னு நெறைய பேரு கேப்பாங்க. "மெலிஞ்சு போனியே, என்ன சோக்கேடு"ன்னு எல்லாரும் கேப்பாங்க தான். எல்லாருக்கும் கதை முழுசா சொல்லணும்னு இல்ல, வயித்துல ஒரு ஆப்பரேஷன், கொஞ்சம் கொஞ்சமாத்தான் தின்னச் சொல்லியிருக்கு, அது போதும். ஆனா அடுக்களையில நிக்கிற ஆளுக்கு, அம்மையோ மாமியாரோ மைனியோ, வாரதுக்கு முன்னயே போன்ல முழுசா சொல்லிருங்க. நான் சொல்லாம வந்து தான் பெரியம்மைய அழ வச்சேன், அது இன்னும் மனசுல கெடக்கு. கல்யாணப் பந்தில முன்னாடியே வீட்டுல மீனோ முட்டையோ தின்னுட்டுப் போயிருங்க. இலையில முதல்ல பருப்பு வரும், அதைக் கரண்டியில கொஞ்சம் வாங்கி சோறு இல்லாம தின்னலாம், வெளம்புற பிள்ளைங்கட்ட "கொஞ்சம்போல போடுங்க"ன்னு கைய இலைக்கு மேல வச்சே சொல்லணும், இல்லேன்னா மலை மாதிரி வந்து விழுந்துரும். பக்கத்துல விசயம் தெரிஞ்ச ஆளு உக்காரணும், கேள்விய அவங்க பாத்துக்கிடுவாங்க. பேச்சு சுவாரசியத்துல மெல்ல மறக்குறது பந்தில தான் அதிகம். ஏப்பமோ விக்கலோ மூக்குல தண்ணியோ வந்தா வயிறு நெறைஞ்சாச்சுன்னு அர்த்தம், கையில இருக்குற உருண்டையக் கூட வைக்கணும்.

மாத்திரை விசயம். விட்டமின், பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஊர்ல இருக்குற நாள விட ரெண்டு வாரம் கூடுதலா கைப்பையில கொண்டு வாங்க, கூடவே டிஸ்சார்ஜ் சம்மரி. இரும்பும் கால்சியமும் ரெண்டு மணி நேரம் தள்ளித்தான் போடணும். அப்புறம் இடுப்பு வலி தல வலின்னு மெடிக்கல் ஸ்டோர்ல கேட்டா டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் தூக்கித் தந்துருவாங்க, ஊசியாவும் போடுவாங்க. அது நமக்கு வேண்டாம், அதுலயும் பைபாஸ் பண்ணினவங்களுக்கு தையல் போட்ட எடத்துல புண்ணு வரும். பாராசிட்டமால் போதும். என்ன ஆப்பரேஷன்னு முதல்லயே சொல்லிட்டு மருந்து வாங்குங்க.

ஒரு தடவ அடைச்சா நுரை துப்பி, நிமிந்து உக்காந்து, எதையும் குடிக்காம காத்திருந்தா பெரும்பாலும் எறங்கிரும், அன்னைக்கு பூரா தண்ணி ஆகாரம் தான். ஆனா தண்ணி கூட எறங்காம பல மணி நேரம் ஆனாலோ, காய்ச்சலோட வயித்து வலி, நெஞ்சு வேகமா அடிக்கிறது, எடது தோள்ல வலி, கறுப்பா மலம் போறது, மூச்சு முட்டுறது, ஒரு கால் மட்டும் வீங்குறது இருந்தாலோ 108க்குப் போன் போடுங்க. ஆசாரிப்பள்ளத்துல அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. ரெண்டு மூணு நாள் வாந்தி நிக்காம இருந்து டிரிப்பு போடுற நெலம வந்தா, குளுகோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தையமின், அதாவது பி1, குடுக்கணும்னு டாக்டர்ட்ட ஞாபகப்படுத்துங்க, தொடர்ந்து வாந்தி எடுத்த ஒடம்புல பி1 கொறைஞ்சா கண்ணையும் நடையையும் பாதிக்கும். இதை ஒரு தாள்ல எழுதி கூட இருக்குற ஆளு கையில குடுத்து வைங்க, நமக்கு அந்நேரம் பேச முடியாம போகலாம்.

கெளம்புற அன்னைக்கு காலைல பெரியம்மை மரச்சீனி அவிச்சாங்க, மத்தவங்களுக்கு. எனக்கு காப்பித் தட்டுல அயிலை மசிச்சது, ஓரத்துல ஒரு விரல் நகத்தளவு மரச்சீனி, நல்லா கொழைச்சு கொழம்பு ஊத்தி. மீனத் தின்னு முடிச்சு அதையும் மெல்ல மென்னு தின்னேன். எறங்கிச்சு.