ஜியோகேஷ் படம் போடுமுன்: மலையில் எதை மறைப்பது, எதைக் காட்டுவது

ஒருவர் ஒளித்துவைத்த பெட்டியை ஜிபிஎஸ் எண்களை வைத்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, இணையதளத்தில் பதிவு போடும் விளையாட்டுதான் ஜியோகேஷிங். அதில் பெட்டி கையில் கிடைத்ததும் அடுத்த நொடியே போன் வெளியே வந்துவிடும். தப்பில்லை. படமே இல்லாத பதிவுகளைப் படிக்க யாருக்கும் சுவாரசியம் இருக்காது. பலரும் பெட்டியை மட்டும் படத்திலிருந்து வெட்டிவிட்டு, ரகசியம் காப்பாற்றியாயிற்று என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கேதான் கோளாறு. நீலகிரியிலும் பழனி மலையிலும் இடத்தைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் பெட்டிக்குப் பின்னால் தெரிகிற மலைதான். சமவெளியில் ஒரு வேப்பமரத்தைப் பார்த்து ஊர் சொல்ல முடியாது. இங்கே ஒரு வளைவைப் பார்த்தே பஸ் நிறுத்தம் வரை சொல்லிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

எவ்வளவு மறைக்க வேண்டும் என்பது பெட்டியின் வகையைப் பொறுத்தது. டிரடிஷனல் வகைக்கு ஜிபிஎஸ் எண்கள் இணையதளத்தில் அதற்கான பக்கத்திலேயே இருக்கும். இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அங்கே ரகசியம் கடைசி ஐந்து பத்து மீட்டர் மட்டும்: எந்தக் கல் இடுக்கு, எந்த வேர், தடுப்புச் சுவரில் எந்தத் துளை. ஆகவே பள்ளத்தாக்கையும் தேயிலைச் சரிவையும் தாராளமாகப் போடலாம். அந்த இடுக்கு தெரியாமல் இருந்தால் சரி.

மிஸ்டரி, மல்டி வகைகளில் அப்படி முடியாது. புதிரை விடுவித்தோ கட்டம் கட்டமாக நடந்தோதான் கடைசி இடம் தெரிய வேண்டும். மிஸ்டரியின் இறுதிப் பெட்டி பொதுவாக, பக்கத்தில் காட்டியிருக்கும் புள்ளியிலிருந்து சுமார் 3 கிலோமீட்டருக்குள் இருக்கும். அந்த வட்டத்துக்குள் இருக்கிற ஒரே சர்ச் கோபுரம் உங்கள் படத்தின் ஓரத்தில் விழுந்தால், ஊர் அறிந்தவர் புதிரைத் தொடாமலே நேராகப் போய் நிற்பார். இந்த வகைகளுக்குப் பின்னணியே வேண்டாம். பெட்டிக்கு முதுகைக் காட்டி எடுத்த படமும் ஆபத்துதான், எதிரே மலை தெரிந்தால்.

எர்த்கேஷில் பெட்டி கிடையாது. பாறையைப் பார்த்துக் கேள்விகளுக்கு விடை கண்டு, வைத்தவருக்குத் தனிச் செய்தியாக அனுப்ப வேண்டும். இந்த மலைகளின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். பட்டைகள் எந்தப் பக்கம் சாய்கின்றன, பாறையின் கனிம மணிகள் எவ்வளவு பெரியவை, என்ன நிறம் என்று கேட்டிருந்தால், ஸ்கேல் வைத்து நெருக்கத்தில் எடுத்த பாறைப் படம் விடைத்தாளை வகுப்புச் சுவரில் ஒட்டியது மாதிரி ஆகிவிடும். படம் கட்டாயம் என்று நிபந்தனை இருந்தால் முகம் காட்ட வேண்டியதில்லை; உங்கள் கேஷிங் பெயரை எழுதிய தாளைக் கையில் பிடித்து, பாறை தூரத்தில் மங்கலாகத் தெரியும்படி எடுங்கள்.

பின்னணியில் சிக்குகிறவை

மலையின் விளிம்புக் கோடுதான் முதல் எதிரி. கோடநாடு பக்கம் ரங்கசாமி தூண், குன்னூரில் ட்ரூக் சிகரம், கொடைக்கானலில் பெருமாள் மலையின் உச்சியும் தூண் பாறைகளும்: இவற்றில் ஒன்று எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்தே நீங்கள் நின்ற இடத்தைக் கணிக்கலாம். மலை விளிம்பைப் பார்த்து அது எந்த மலை என்று சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. எனவே அடிவானம் படத்துக்குள் வராதபடி கேமராவைக் கீழே சாயுங்கள்.

அடுத்தது எழுத்தும் எண்ணும். எஸ்டேட் ஃபீல்டு நம்பர் பலகை, மின்கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண், மைல்கல், வளைவு எண் பலகை எல்லாம் இதில் சேரும். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண். அதில் ஒன்று படத்தின் மூலையில் இருந்தாலும் கதை முடிந்தது. கூலிங் கிளாஸில் தெரியும் பிரதிபலிப்பையும், கையில் பிடித்த போன் திரையையும் பெரிதாக்கிப் பாருங்கள். கேஷிங்கில் பயன்படும் ஜிபிஎஸ் எண்களில் கடைசி தசம இலக்கம் ஒன்று மாறினால் தரையில் சுமார் 1.8 மீட்டர் நகரும். அவ்வளவு துல்லியத்தை ஒரு திரையின் மூலை வெளியே விட்டுவிடும்.

மூடுபனி நமக்கு நல்ல நண்பன். பனி இறங்கிய நேரத்தில் எடுத்த படத்தில் பின்னணி தானாக மறைந்துவிடும், அழகுக்கும் குறைவிருக்காது. ஆனால் மெல்லிய பனியை நம்பாதீர்கள். படத் திருத்தச் செயலிகளில் இருக்கும் ‘டீஹேஸ்’ பட்டனைக் கொஞ்சம் இழுத்தாலே மலைக்கோடு மீண்டும் எழுந்து வரும். போடுவதற்கு முன் நீங்களே ஒருமுறை அதை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

பெட்டியை எடுக்கலாமா?

சாதாரண பூட்டு டப்பாவோ ஃபிலிம் டப்பாவோ என்றால், வைத்தவரே அதன் படத்தைப் பக்கத்தில் போட்டிருந்தால் நீங்களும் போடலாம். போலி போல்ட், கல் போலச் செய்தது, 10 மில்லிக்கும் குறைவான, ‘நானோ’ எனப்படும் குட்டிக் காந்தப் பெட்டி என்றால் படமே கூடாது. அங்கே உருவம்தான் புதிர். எண் பூட்டோ ஏதாவது பொறியமைப்போ இருக்கும் பெட்டி திறந்த நிலையில் ஒருபோதும் படத்தில் வரக் கூடாது.

மூடியின் உள்பக்கத்தை மறக்காதீர்கள். போனஸாக வைத்த இன்னொரு பெட்டிக்கான எண்ணை அங்கேதான் எழுதிவைப்பார்கள். மல்டியில் அடுத்த கட்டத்தின் எண்கள் சின்னச் சீட்டிலோ உலோகத் தகட்டிலோ இருக்கும். பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் பயணிக்கும் டிராவல் பக், ஜியோகாயின் போன்றவற்றின் மேல் பொறித்த ரகசியக் குறியீடு வெளியே போனால், அதைக் கண்ணால் பார்க்காதவர்களும் பார்த்ததாகப் பதிவு போட்டுவிடுவார்கள். கட்டை விரலை அதன் மேல் வைத்து எடுப்பது போதும். ‘டிபி’ என்று தொடங்கும் பொது எண்ணைக் காட்டினால் பரவாயில்லை.

எண்ணை மறைக்க மங்கலாக்கும் கருவி சரிப்படாது. எண்களும் எழுத்துகளும் மங்கலிலிருந்து ஊகிக்கக் கூடியவை. போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் அடித்த கறுப்பும் முழுக் கறுப்பில்லை. வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரியும். கெட்டியான கட்டம் ஒன்றை மேலே வைத்து, அந்தத் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைப் போடுங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் இன்னொரு லாபமும் உண்டு: அசல் படத்தின் இருப்பிடத் தகவல் அதில் ஒட்டிக்கொண்டு வராது.

போன் தானாகச் சொல்லிவிடுவது

கேமராவில் லொகேஷன் பதிவு இயங்கினால் படக் கோப்புக்குள்ளேயே ஜிபிஎஸ் எண்கள் உட்கார்ந்துவிடும். ஆண்ட்ராய்டில் கேமரா அமைப்புகளுக்குள் போய் அதை அணைக்கலாம். ஐபோனில் பகிரும் திரையின் மேலே ‘ஆப்ஷன்ஸ்’ தொட்டு லொகேஷனை நீக்கலாம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தத் தகவல் உதிர்ந்துவிடும். தரம் குறையக் கூடாதென்று ‘டாகுமென்ட்’ ஆக அனுப்பினால் முழுசாகப் போய்ச் சேரும். மின்னஞ்சலும் அப்படித்தான்.

இதைவிட மோசமானது லைவ் போட்டோ. பட்டனை அழுத்துவதற்கு முன்னும் பின்னும் ஒன்றரை நொடி அது வீடியோவாகப் பதிகிறது. நீங்கள் பெட்டியை இடுக்கிலிருந்து உருவும் கை அதில் அழகாக விழுந்திருக்கும். கேஷிங் கிளம்பும்போதே அதை அணைத்துவிடுங்கள். குடும்ப ஆல்பத்தில் தானாகச் சேரும் வசதி இருந்தால் அதையும் பாருங்கள்.

வெளியே போடக் கூடாத, ஆனால் எடுக்க வேண்டிய படம் ஒன்று உண்டு. பெட்டியைத் தொடும் முன், அது இருந்த நிலையை அப்படியே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல் மேலே இருந்தது, மூடி எந்தப் பக்கம் பார்த்தது என்று திரும்ப வைக்கும்போது பார்க்க உதவும். வைத்து முடித்ததும் அங்கேயே அழித்துவிடுங்கள், குப்பைத் தொட்டிக் கோப்பிலிருந்தும் சேர்த்து.

சீசனில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில், படம் எடுப்பதே ஸ்பாய்லர் (ரகசியத்தை உடைக்கும் துப்பு). கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் படம் எடுக்கும்போது நீங்கள் மட்டும் கைப்பிடிக் கம்பியைப் படம் எடுத்தால், நீங்கள் நகர்ந்ததும் பத்துப் பேர் அந்தக் கம்பியைத் தடவிப் பார்ப்பார்கள். கூட்டம் குறையும் வரை காத்திருங்கள். வெலிங்டனிலும் அருவங்காட்டிலும் ராணுவ, வெடிமருந்துத் தொழிற்சாலைப் பகுதிகள் இருப்பதால் அங்கே கேமராவை உள்ளேயே வைத்திருப்பது நல்லது. தோடர் பழங்குடியினரின் குடியிருப்புகளான மந்துகளிலும், தேயிலை பறிக்கிறவர்கள் இருக்கும் இடத்திலும் கேட்காமல் எடுக்காதீர்கள். அனுமதி இல்லாத காப்புக் காட்டுக்குள் எடுத்த படம் போட்டால், அடுத்தவரையும் அங்கே கூட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம்.

போட்ட பிறகு

பெட்டியை வைத்தவர் தரும் குறிப்பை ஜியோகேஷிங் தளத்தில் 13 எழுத்து தள்ளிவைத்த சங்கேதமாகத்தான் காட்டுவார்கள். விரும்பியவர் மட்டும் அவிழ்த்துப் படிக்கலாம். அந்தச் சங்கேதம் 26 ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே. தமிழில் எழுதிய குறிப்பு மூடாக்கு இல்லாமல் அப்படியே நிற்கும், பலர் இதைக் கவனிப்பதில்லை. படத்துக்கு எந்த மூடாக்கும் கிடையாது. பெட்டியின் கேலரியைத் திறந்தவர் கண்ணில் எல்லாமே படும். வைத்தவர் சம்மதித்து ஏதாவது ஸ்பாய்லர் படம் போட வேண்டியிருந்தால் தலைப்பை ‘ஸ்பாய்லர்’ என்றே தொடங்குங்கள்.

படத்தைவிட அதிகம் கெடுப்பது அடியில் வரும் உரையாடல். “எங்க இது, தம்பி?” என்று சித்தப்பா கேட்பார். “டீக்கடை தாண்டி மேலே ஏறினா லெஃப்ட்ல” என்று பதில் போகும். “ஊட்டிப் பக்கம்தான் சித்தப்பா, நேர்ல சொல்றேன்” என்பதோடு நிறுத்துங்கள். தேடிக் கிடைக்காதவர் உதவி கேட்டால் படம் அனுப்பாமல், தனிச் செய்தியில் ஒரு குறிப்பு மட்டும் சொல்லுங்கள். முதலில் உயரம்: முழங்காலுக்குக் கீழேயா, தோளுக்கு மேலேயா. அதுவும் பலிக்காவிட்டால் பொருள்: கல்லா, மரமா, இரும்பா. மழையில் ஊறிப்போன பதிவேடு, உடைந்த மூடி ஆகியவற்றின் படம் வைத்தவருக்கு மட்டும் தனியாகப் போகட்டும். பொதுப் பதிவில் ‘பராமரிப்பு தேவை’ என்ற வரி போதும்.

வைத்தவர் படத்தை எடுக்கச் சொன்னால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள். ஆனால் படத்தை மட்டும் அழியுங்கள். பதிவையே அழித்தால் கண்டுபிடித்த கணக்கும் சேர்ந்து போய்விடும். பிறகு அதே தேதியைப் போட்டு மறுபடி எழுத வேண்டியிருக்கும்.