வீவக வீட்டு அடுப்படியில் களிமண் சூஷி

களிமண்ணில் சாவிக்கொத்து அளவுச் சூஷி செய்யத் தொடங்கும் முன் ஒரு தட்டு நிகிரி சூஷி, அதாவது பிடித்த சோற்றின்மேல் மீன் துண்டு வைத்தது, வாங்குங்கள். ஆர்ச்சர்ட் சென்ட்ரலில் 2017-ல் திறந்த ஜப்பானியக் கடையான டான் டான் டாங்கியாக இருந்தாலும் சரி, வீட்டருகே உள்ள பேரங்காடியாக இருந்தாலும் சரி. இணையப் படத்தைப் பார்த்துச் செய்தால் படத்தைப் போலத்தான் வரும், மீனைப் போல வராது. ஒன்றைத் தட்டில் வைத்து அடிக்கோலால் அளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுங்கள். இன்னொன்றைக் கத்தியால் குறுக்கே வெட்டி உள்ளே சோறு எவ்வளவு தளர்வாக இருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஆறப்போடாமல் சாப்பிட்டுவிடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் பச்சை மீன் காத்திருக்காது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு வெள்ளரிக்காய் வைத்த கப்பா மாக்கி பாதுகாப்பான மாதிரி. தமகோ என்ற முட்டைச் சூஷியிலும் இனாரியின் வறுத்த டோஃபுப் பையிலும் பெரும்பாலும் மீன் சாறான தாஷி சேரும். ஹலால் பார்ப்பவர்கள் மிரின் என்ற இனிப்பு மதுவையும் கவனிக்க வேண்டும்.

இங்கே சொல்வது உண்மையான சூஷியின் ஏறக்குறையப் பாதி அளவில், சாவிக்கொத்தில் மாட்டும்படியான 6 சால்மன் நிகிரி. தேவை பாலிமர் களிமண். காற்றில் உலரும் களிமண் விலை குறைவு என்று தோன்றும். ஆனால் சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் அது உலர இரண்டு மூன்று நாள் எடுக்கும், சுருங்கும். அவசரப்பட்டு ஏர்கான் அடியில் வைத்தால் மேல்புறம் முதலில் காய்ந்து வெடிக்கும். பாலிமர் களிமண் அடுப்பில் சுடும்வரை காயாது. பிராஸ் பாசா காம்ப்ளெக்சில் உள்ள ஆர்ட் ஃபிரெண்ட் கலைப்பொருள் கடையில் கிடைக்கும். வெள்ளை, ஆரஞ்சு, ஒளி ஊடுருவும் வகை ஆகிய மூன்றும், சிறிதளவு சிவப்பும் மஞ்சளும், ஒட்டுவதற்குத் திரவப் பாலிமர் களிமண்ணும் போதும். மூன்று கட்டியும் ஒரே வகையாக இருக்கட்டும். வெவ்வேறு வகைகளுக்குச் சுடும் வெப்பம் வேறு.

முதலில் மீன். ஆரஞ்சுக் களிமண்ணை அப்படியே எடுத்தால் வருவது சால்மன் அல்ல, காரட் அல்வா. ஆரஞ்சு 4 பங்கு, ஒளி ஊடுருவும் களிமண் 4 பங்கு, வெள்ளை 2 பங்கு, கடுகளவு சிவப்பு. மொத்தம் 18 கிராம். விளிம்பு வெடிக்காமல் வளையும்வரை பிசையுங்கள். 2.5 மி.மீ. கனத்தில் தேய்த்து, 12 மி.மீ. அகலமும் 40 மி.மீ. நீளமும் உள்ள 8 துண்டுகளாக வெட்டுங்கள். 3 கிராம் வெள்ளையை 0.4 மி.மீ. அளவுக்கு, அதாவது நான்கைந்து நகல் தாள் கனத்துக்கு, மெல்லியதாகத் தேய்த்து இடையிடையே வைத்து அடுக்குங்கள். அடுக்கு 23 மி.மீ. உயரம் வரும். ஒரு பென்சிலை நீளவாக்கில் வைத்து அடுக்கின் நடுவே லேசாக அழுத்தினால் வெள்ளைக் கோடுகள் வளையும். மீன் சதையில் கோடு நேராக ஓடுவதில்லை.

இப்போது அடுக்கைப் பத்து நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் வெட்டும்போது எல்லாக் கோடும் இழுபட்டுப் போயிற்று என்று புலம்புவார்கள். 30 டிகிரி அறையில் களிமண் வெண்ணெய் மாதிரி, கத்தியோடு சேர்ந்து வரும். வெளியே எடுத்து, மேலே படிந்த நீரை ஒற்றிவிட்டு, மெல்லிய பிளேடால் 45 டிகிரி சாய்வில் 2 மி.மீ. கனத்துக்கு வெட்டுங்கள். இரு முனையிலும் முக்கோணமாகக் கொஞ்சம் வீணாகும். நடுவில் சுமார் 32 மி.மீ. நீளமுள்ள 6 துண்டு தேறும்.

அடுத்தது சோறு. பொறுமையைச் சோதிக்கும் வேலை இதுதான். ஒளி ஊடுருவும் களிமண் 3 பங்கு, வெள்ளை 1 பங்கு, ஊசிமுனை மஞ்சள். 6 துண்டுக்கு 30 கிராம். பாதியை 23 × 9 × 8 மி.மீ. அளவில் ஆறு உட்கருவாகப் பிடியுங்கள். மீதியை 1.2 மி.மீ. தடிமனுள்ள இடியாப்ப இழைகளாக உருட்டி, 3 மி.மீ. நீளத்துக்கு நறுக்குங்கள். ஒவ்வொரு மணியின் முனையையும் விரலால் மழுக்கினால்தான் சோறு, இல்லையேல் அறுந்த சேமியா. உட்கருவில் திரவக் களிமண் மெல்லப் பூசி, மணிகளைப் பக்கங்களில் ஒட்டுங்கள். ஒரு சூஷிக்கு ஏறக்குறைய 150 மணி பிடிக்கும். மேல்பக்கம் மீன் மூடிவிடும் என்பதால் அங்கே ஒட்ட வேண்டாம். எல்லா மணியும் ஒரே திசையில் படுத்தால் ஓலைப் பாய் மாதிரி தெரியும். இரண்டு மூன்று மணிகள் துருத்திக்கொண்டு நிற்கட்டும்.

ஒளி ஊடுருவும் களிமண் சுட்ட பிறகு உள்ளே நிலாப் பிறை போன்ற வெள்ளைப் புள்ளிகள் வரலாம். பிசையும்போது உள்ளே போகும் கை ஈரமும் காற்றுமே காரணம். சோற்றில் அது தெரியாது, மீனில் தெரியும். ஒரு எவர்சில்வர் டம்ளரில் பனிக்கட்டித் தண்ணீர் வைத்து அவ்வப்போது கையைக் குளிரவைத்து, நன்றாகத் துடைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். களிமண் அளவுக்கு மீறிக் குழைந்தால் வெள்ளைத் தாளின் இடையே வைத்து அரை மணி நேரம் அழுத்தினால் எண்ணெய் இழுபட்டு இறுகும்.

மீன் துண்டைச் சோற்றின்மேல் வைத்து இரு முனையும் சற்றே கீழே வளைய அழுத்துங்கள். பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்டினால் பிளாஸ்டிக் வழுவழுப்பு போய்விடும்.

சுடுவதில்தான் பல மணி நேர உழைப்பு வீணாகும். சிறிய டோஸ்டர் அடுப்பின் குமிழில் 130 என்று காட்டினாலும் உள்ளே 160 வரை எகிறலாம். அடுப்புக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். குமிழை நம்பாதீர்கள். ஸ்கல்பி பிரீமோ வகைக் களிமண்ணுக்கு 135 டிகிரி செல்சியஸ், ஃபீமோ சாஃப்ட் வகைக்கு 110. உறையில் போட்டிருப்பதே சட்டம். 15 நிமிடம் முன்சூடாக்கி, பீங்கான் ஓட்டின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் கூடாரம் போல மூடுங்கள். கம்பியின் நேர்ச்சூடு பட்டால் வெள்ளைச் சோறு வறுத்த சோறாகிவிடும். 6 மி.மீ. கனத்துக்கு 30 நிமிடம் என்பது கணக்கு. இதற்கு 50 நிமிடம் கொடுங்கள். குறைவாகச் சுட்டது வெளியே நன்றாகத்தான் இருக்கும், சாவிக்கொத்தில் மாட்டிய மறுவாரம் முறியும். 175 டிகிரியைத் தாண்டினால் களிமண்ணில் உள்ள பிவிசி பிளாஸ்டிக் சிதைந்து மூக்கை எரிக்கும் நச்சுப் புகை வரும். அடுப்பை அணைத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். களிமண் பட்ட தட்டும் கத்தியும் திரும்பச் சமையலுக்குப் போகக்கூடாது.

சுட்ட பிறகு மீனுக்கு மட்டும் நீர் சார்ந்த வார்னிஷ் ஒரு பூச்சு. சோற்றுக்கு வேண்டாம். நகப்பூச்சும் தெளிப்பு வார்னிஷும் பளபளக்கும், சில வாரத்தில் பிசுபிசுக்கும்.

இதை மேற்படிப்பு விண்ணப்பத்துக்குச் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பலதுறைத் தொழிற்கல்லூரியின் வடிவமைப்புப் படிப்புக்கு ஈஏஇ முன்கூட்டிய சேர்க்கை ஒரு வழி. சாதாரண நிலைத் தேர்வு எழுதும் முன்பே, ஆண்டின் நடுவில் விண்ணப்பிக்க வேண்டும். லாசால் கலைக் கல்லூரியும் நன்யாங் நுண்கலைக் கழகமும் இன்னொரு வழி. இரண்டும் 2024 முதல் சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகின்றன. எங்கே போனாலும் இருபது அழகான சாவிக்கொத்துகளைவிட, ஒரு சூஷி உருவான கதைக்கே மதிப்பு அதிகம். அளவெடுத்த குறிப்பு, நிறக் கலவைச் சோதனைகள், கருகியது, முறிந்தது, அடுத்த முறை எதை மாற்றினீர்கள் என்ற ஒரு வரி, கடைசியில் முடிந்த வடிவம். ஆகவே கருகியதைக் குப்பையில் போடாதீர்கள்.

“ஏன் ஜப்பானிய உணவு?” என்ற கேள்வி நேர்காணலில் வந்தால் “பிடிக்கும்” என்று மட்டும் சொன்னால் போதாது. உணவகக் கண்ணாடிப் பெட்டிகளில் வைக்கும் போலி உணவு ஜப்பானில் ஒரு தொழில். இவாசாகி தகிசோ 1932-ல் ஒசாகாவில் அதை வணிகமாகத் தொடங்கினார். அவருடைய சொந்த ஊரான குஜோ ஹாச்சிமானில் இன்றும் அது நடக்கிறது. அப்போது மெழுகு, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். அங்கே கற்றதை இங்குள்ள தட்டுக்குக் கொண்டுவாருங்கள். சால்மனுக்கு அடுக்கிய அதே முறையில் நிறத்தை மாற்றி, சாய்க்காமல் நேராக வெட்டினால் குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரம். பழுப்புச் சாக்கட்டியைச் சுரண்டி, சுடும் முன் தூரிகையால் தடவினால் தோசையின் முறுகல்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம். காலை பத்து மணி வாக்கில் ஜன்னலோரம், சாம்பல் நிறத் தாளின் மேல் வையுங்கள். வெள்ளைத் தாளில் சோறு கரைந்துவிடும். அளவு புரிய ஒரு படத்திலாவது பக்கத்தில் புதிய 10 காசு நாணயம் இருக்கட்டும், அதன் விட்டம் 18.5 மி.மீ.