தீவு மலைக்காட்டுப் புதர்ச்செடியும் சிவப்புப் பட்டியலும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தீவின் மலைமுகட்டில் மட்டும் வளரும் புதர்ச்செடியைப் பற்றி எழுதப் புகுந்தால் பலரும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். ‘அரிய செடி, ஆகவே அழியும் நிலையில் உள்ளது’ என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். அரிதாக இருப்பது வேறு, அழியும் ஆபத்தில் இருப்பது வேறு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியல் அளப்பது இரண்டாவதை.

உதாரணத்துக்கு, தென் அட்லாண்டிக் பெருங்கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவின் மொத்தப் பரப்பே சுமார் 122 சதுர கிலோமீட்டர்தான். ஒரு செடியின் பரவல் எல்லை, அதாவது அது காணப்படும் இடங்களை எல்லாம் வளைத்து வரைந்த கோட்டுக்குள் அடங்கும் பரப்பு, 5,000 சதுர கிலோமீட்டருக்குள் இருந்தால் ‘அருகிய இனம்’ என்பதற்கான பரப்பளவு வரம்புக்குள் வந்துவிடும். 100-க்குள் இருந்தால் ‘மிக அருகிய இனம்’ என்பதற்கான வரம்பு. பரப்பளவு மட்டுமே போதும் என்றால் அந்தத் தீவுக்கே உரிய செடிகள் எல்லாம், நலமாக இருப்பவையும் சேர்த்து, அருகிய இனங்கள் ஆகிவிடும். அதனால்தான் வாழிடம் துண்டுபட்டிருத்தல் அல்லது மிகச் சில இடங்களில் மட்டுமே இருத்தல், தொடர்ந்த சரிவு, எண்ணிக்கையில் கடும் ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும் என்று விதி கேட்கிறது. பட்டியலில் ‘அருகிய இனம்’ போன்ற வகையின் பெயருக்கு அருகில் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு இருக்கும். எழுதுகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். விஷயமே அதில்தான் இருக்கிறது. ‘பி’ என்று தொடங்கினால் சுருங்கிய பரவலோடு சரிவும் சேர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். ‘டி’ என்றால் எண்ணிக்கையோ பரப்போ மிகச் சிறியது, சரிவு நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இங்கே ‘இடம்’ என்ற சொல்லும் ஏமாற்றும். மூன்று முகடுகளில் செடி இருந்தால் மூன்று இடங்கள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ஒரே அச்சுறுத்தல் மூன்றையும் சேர்த்து விரைவாகத் தாக்கக்கூடும் என்றால் கணக்கில் அது ஓர் இடம்தான். பரவல் எல்லைக்குள் செடி உண்மையில் இருக்கும் வாழிடப் பரப்பை இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் அளக்கிறார்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். பாறை இடுக்கில் ஒற்றைச் செடி நின்றாலும் பட்டியலில் அது நான்கு சதுர கிலோமீட்டர். அதைப் பார்த்து ‘நான்கு சதுர கிலோமீட்டர் காடு மிச்சம்’ என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் இல்லாத காடு ஒன்று முளைத்துவிடும்.

எண்ணிக்கையில் நடக்கும் தவறு இன்னும் பெரிது. பட்டியல் கேட்பது இனப்பெருக்கம் செய்யக்கூடிய முதிர்ந்த செடிகளை. நாற்றுகள் அதில் சேராது. புதிய தலைமுறையை ஒருபோதும் தர முடியாத கிழச்செடியும் சேராது. இலங்கை மலைக்காடுகளில் உள்ள நெலுவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் குறிஞ்சியின் பங்காளி. அதில் சில இனங்கள் ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து, விதை கொட்டி, மடிந்துபோகும். மடிந்த அடுத்த ஆண்டில் கணக்கெடுக்கப் போகிறவருக்குக் காய்ந்த தண்டும் காலடியில் நாற்றும்தான் தென்படும். அதை அழிவு என்று படித்தாலும் தவறு. பூத்த ஆண்டின் எண்ணிக்கையைக் காட்டி எந்நாளும் இப்படித்தான் என்றாலும் தவறு.

தோட்டத்தில் காப்பாற்றியாயிற்று, இனிக் கவலை இல்லை என்கிறவர்களுக்கு செயின்ட் ஹெலினா ஆலிவின் கதையைச் சொல்ல வேண்டும். பெயரில்தான் ஆலிவ், இலந்தைக் குடும்பத்துச் சிறுமரம் அது. தீவின் உச்சியில் முகில் தவழும் காட்டில் வளர்ந்தது. முற்றிலும் அழிந்ததாக நினைத்திருந்த நிலையில் 1977-இல் ஒரே ஒரு மரம் கிடைத்தது. அதன் மகரந்தம் அதற்கே பெரும்பாலும் பயன்படாது. துணைக்கு வேறு மரமும் இல்லை. போத்து நட்டாலும் அரிதாகவே வேர்பிடித்தது. காட்டில் நின்ற மரம் 1994-இல் பட்டுப்போனது. அப்போது அது ‘இயலிடத்தில் அற்றுவிட்ட இனம்’. வளர்ப்பில் எஞ்சியதும் பூஞ்சை நோயில் 2003-இல் போய்விட்டது. நாற்றங்காலில் நிற்கும் செடிகளைக் காட்டின் எண்ணிக்கையோடு கூட்டக் கூடாது என்ற விதியின் நியாயம் இங்கே புரியும். இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. பல ஆண்டுகள் கண்ணில் படவில்லை என்பதற்காக அவசரப்பட்டு ‘அற்றுவிட்டது’ என்று எழுதிவிடுவது. 1977-க்கு முன் எழுதியவர்கள் அப்படித்தான் எழுதினார்கள்.

‘தரவு போதாது’, ‘மதிப்பிடப்படவில்லை’ என்ற இரண்டையும் ‘ஆபத்து இல்லை’ என்று மொழிபெயர்த்துக்கொள்ளாதீர்கள். முன்னது, பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை என்பது. பின்னது, யாரும் இன்னும் பார்க்கவே இல்லை என்பது. மதிப்பீட்டின் ஆண்டையும் பாருங்கள். 1998-இல் மரங்களுக்காக நடந்த பெரிய மதிப்பீட்டில் இடம்பெற்ற எத்தனையோ இனங்களுக்கு அந்த வகையே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்தாண்டு கடந்தால் ‘புதுப்பிக்க வேண்டும்’ என்று பட்டியலே குறிப்பிடுகிறது. அந்தக் குறிப்பை விட்டுவிட்டு வகையை மட்டும் எடுத்துப் போடுவது சரியல்ல.

கடைசித் தவறு, ஆர்வத்தில் செடி நிற்கும் இடத்தை வெளிப்படுத்திவிடுவது. மொரீஷியஸைச் சேர்ந்த ரொட்ரீகஸ் தீவில், காப்பிக் குடும்பத்துப் புதர்ச்செடியான ‘கஃபே மரோன்’ அழிந்துவிட்டதாக எண்ணப்பட்டிருந்தது. 1980-ஐ ஒட்டி ஒரு பள்ளி மாணவர் அதில் ஒன்றைக் கண்டுபிடித்தார். இளம்பருவத்தில் நீண்டு ஒடுங்கிய பழுப்பு நிற இலை, முதிர்ந்தபின் அகன்ற பச்சை இலை என்று இரண்டு வேடம் போடும் செடி அது. இளம் செடியைக் கண்டவர் வேறு இனம் என்றே நினைப்பார். செய்தி பரவியதும் மருந்துக்கு ஆகும் என்று கிளை ஒடிக்க ஆட்கள் வந்தார்கள், சுற்றி வேலி போட வேண்டியதாயிற்று. ஆகவே படம் பகிர்வதானால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு மலையின் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நேரில் போகிறவர்கள் காலணி மண்ணைக் கழுவிவிட்டுத்தான் ஏற வேண்டும். களைவிதையும் நோய்ப்பூஞ்சையும் அந்த மண்ணோடுதான் மலையேறுகின்றன.