பயின் காட்டில் பத்து மீட்டர் கயிறு

செங்கோட்டையில் பஸ் ஏறினால் புளியரை, ஆரியங்காவு, தென்மலை தாண்டிக் குளத்தூப்புழை. எங்கள் மாமா வீடு அங்கேதான். சாஸ்தா கோயில் ஆற்றில் மீனுக்கு இரை போடப் போகிறவர்கள் ஏராளம். கேரளத்தில் மிச்சமிருக்கும் ஜாதிக்காய்ச் சதுப்புக் காடுகளில் (ஜாதிக்காய் இனப் பயின் மரங்கள் சேற்றில் நிற்கும் காடுகள்) பெரும்பகுதி அந்த ஊரையும் அஞ்சல் என்ற ஊரையும் சுற்றித்தான் இருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. மாநிலம் முழுக்கச் சேர்த்தாலும் சுமார் ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்தான் தேறும்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். முதல் தடவை பிள்ளைகளைக் கூட்டிப்போனபோது, “என்னென்ன உயிர் இருக்குன்னு எழுதுங்க” என்றேன். அது தப்பு. தவளை, தட்டான், அட்டை, அட்டை, அட்டை என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அப்புறம்தான் புரிந்தது, உயிர்களை எண்ணுவதற்கு முன்னால் இடங்களை எண்ண வேண்டும்.

வனத்துறையில் முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரி நடக்கச் சுகமாக இருக்கும். துணி காயப்போடுகிற நைலான் கயிறு பத்து மீட்டர் எடுத்து, அரை மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போடுங்கள். ஒரு மூங்கில் குச்சியில் சென்டிமீட்டர் கோடு கிழித்துக்கொள்ளுங்கள். ஓடைக் கரையில் ஒரு முனை, மேட்டுப் பக்கம் மறு முனை. கயிற்றைக் குறுக்காக இழுத்துக் கட்டி, ஒவ்வொரு முடிச்சுக்கும் நேர் கீழே என்ன இடம் என்று மட்டும் எழுதுங்கள். ஓடும் தண்ணீரா, தேங்கிய தண்ணீரா, எத்தனை சென்டிமீட்டர்? வெறும் சேறா, சருகு மூடிய சேறா? விழுந்த மரமா, அது கெட்டியாக இருக்கிறதா, விரல் வைத்தால் உள்ளே போகிறதா? அண்ணாந்து பார்த்து, வெயில் விழுகிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

வேர் வந்தால் அவசரப்படாதீர்கள். ஜாதிக்காய் மரத்துக்கு உறவுக்கார மரங்களான பயின் வகைகள் இங்கே நிற்கின்றன. சேற்றுக்குள் காற்று கிடைக்காது என்பதால் ஒரு வகை, முழங்காலை மடக்கினாற்போல் வேரை வெளியே நீட்டி மறுபடி சேற்றில் விடுகிறது. இன்னொரு வகைக்கு முட்டுவேர். ஒரே ஒரு முழங்கால் வேர் முன்னால் அரை மணி நேரம் குந்தி உட்காருங்கள். நான் பார்த்ததில் மேல் வளைவு காய்ந்து, அதில் எறும்பு வரிசை. நடுவில் ஈரப் பாசி. வளைவுக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தண்ணீர், அதில் தலைப்பிரட்டைகள். பக்கத்திலேயே நண்டு வளை. பயின் கொட்டையை நண்டு வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். ஒரு சாண் உயரத்தில் நாலு குடித்தனம்.

இடங்கள் ஏன் கலந்து கிடக்க வேண்டும் என்பதற்கு ஒரு தவளை போதும். 2013-இல் இந்தப் பக்கத்துக் காடுகளிலிருந்து விவரிக்கப்பட்ட மெர்குரானா என்ற மரத்தவளை. (பெயரின் பாதி, பாடகர் ஃபிரெடி மெர்குரியுடையது. பிள்ளைகளுக்கு இது மட்டும் மறப்பதில்லை.) மற்ற நாளெல்லாம் மரத்தின் மேலே இருந்துவிட்டு, மழைக்கு முன்னால் கீழே இறங்கி மண்ணில் முட்டையிடும். மேலே கிளை வேண்டும், கீழே ஈர மண் வேண்டும், அப்புறம் அங்கே தண்ணீர் ஏறவும் வேண்டும். இதில் ஒன்றை எடுத்தாலும் தவளை இல்லை.

ஸ்வீடன், பின்லாந்துப் பக்கத்துப் பழைய ஸ்ப்ரூஸ் (ஊசியிலை மரம்) சதுப்புக் காடுகளிலும் இதே கதைதான். மரம் வேறு, குளிர் வேறு. மரத்தடி மேட்டில் ஒரு பாசி, பக்கத்துப் பள்ளத்தில் ஸ்பேக்னம் என்கிற இன்னொரு பாசி. விழுந்த மரம் மட்க மட்க, அதில் குடியேறும் பூஞ்சையும் மாறும். ஈரமாகவே இருப்பதால் சுற்றுக் காட்டைத் தின்ற தீ பல தடவை இவற்றை விட்டுவிட்டது. அதனால்தான் இவ்வளவு பழசும் இவ்வளவு கலவையும்.

சரி, கயிற்றை ஒப்பிட இன்னொரு இடம் வேண்டுமே. எனக்கு மாமாவின் பாக்குத் தோட்டம் வாய்த்தது. அதுவும் தாத்தா காலத்தில் பயின் நின்ற பள்ளம்தான். காட்டில் இருபது முடிச்சுக்குப் பதினொரு வகை இடம் எழுதிய பிள்ளைகள், தோட்டத்தில் மூன்றோடு நின்றுவிட்டார்கள்: மண், வாய்க்கால், பாக்கு மட்டை. “எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன் பார்த்தியா தாயி?” என்றார் மாமா. நான் என்ன சொல்ல? மோர் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

மட்கிய மரத்தைப் புரட்டினால் அப்படியே திருப்பி வையுங்கள். ஒரு வருடம் நாங்கள் மறந்துவிட்டோம். மறுநாள் போனபோது அடிப்பக்கம் வெயிலில் காய்ந்து வெளுத்துக் கிடந்தது. முழங்கால் வேர் மேல் மிதிக்கவே கூடாது.

அட்டைக்கு, முழங்கால் வரை காலுறை இழுத்துவிட்டு மேலே புகையிலைத் தண்ணீர் தேய்த்துக்கொள்ளுங்கள். கயிறு கட்டிய இரண்டு மரத்தையும் படம் எடுத்து வையுங்கள், ஆணி அடிக்காதீர்கள். ஜூலையில் அதே இடத்தில் கட்டினால் பாதி முடிச்சுக்கு ‘தண்ணீர்’ என்றுதான் எழுத வேண்டி வரும். அதற்கு நோட்டில் எதிர்ப் பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள்.