இருபது வரை ஒப்பிக்கும் குழந்தைக்கு நாலு தெரியுமா?

மூன்றரை வயதுக் குழந்தை ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று சொல்லிவிட்டால், எண் தெரிந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. சோதித்துப் பார்க்கப் பத்துப் புளியங்கொட்டை போதும். கிண்ணத்தில் போட்டு, "நாலு எடுத்துக் குடு" என்று கேளுங்கள். கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தால், அந்தக் குழந்தைக்கு நாலு என்பது இன்னும் ஒரு பாட்டின் நாலாவது சொல்தான். இன்னொரு அடையாளமும் உண்டு. ஐந்து கொட்டையைச் சரியாக எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பிடிபடவில்லை.

இந்தப் பிடிமானத்தை ஜெல்மன், காலிஸ்டல் என்ற உளவியலாளர்கள் 1978இல் எண்ணுதலின் ஐந்து விதிகளில் ஒன்றாக வைத்தார்கள். இது ஒரே நாளில் வருவதில்லை. முதலில் ஒன்று மட்டும் சரியாக எடுத்துத் தருவார்கள். சில மாதம் கழித்து இரண்டு, பிறகு மூன்று. ஆகவே இரண்டை நிச்சயமாகத் தருகிற குழந்தையிடம் பத்தைக் கேட்பது வீண். மூன்றைக் கேளுங்கள். துணை இருந்தால் எட்டக்கூடிய அடுத்த படி என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது இதைத்தான். தவறினால் "மறுபடி எண்ணு" என்று அதட்ட வேண்டாம். முதலில் மொத்தத்தைச் சொல்லிவிட்டு எண்ணிக் காட்டுங்கள்: "இதோ மூணு கொட்டை. ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணு கொட்டை."

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயை அரைகுறையாகப் படிப்பதால் வரும் தவறு வேறு வகை. அவருடைய சோதனைப்படி இரண்டு வரிசையில் ஆறாறு காசு வைத்து, ஒரு வரிசையை அகலப் பரப்பினால், "இதுலதான் நிறைய" என்கிறார்கள் சின்னப் பிள்ளைகள். உடனே "ஏழு வயதுக்கு முன் எண் புரியாது" என்று கைவிட்டுவிடுகிறோம். மெக்காரிகல், டொனால்ட்சன் என்ற ஆய்வாளர்கள் 1974இல் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை வந்து வரிசையைக் கலைப்பதுபோல் செய்து பார்த்தார்கள். சரியாகச் சொன்ன குழந்தைகளின் எண்ணிக்கை மிகவும் கூடியது. பெரியவர் வேண்டுமென்றே கலைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், பதிலை மாற்றச் சொல்கிறார் என்று குழந்தை நினைத்துக்கொள்ளக்கூடும். வகுப்பிலும் சரியான பதில் வந்த பின் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று கேட்காதீர்கள்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்காதீர்கள். எப்போதும் கூடவே இருக்கும் மணிச்சட்டம் அது.

எண்களை எழுதவைக்க அவசரப்படுவதுதான் ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் அதிகம் படுத்துகிறது. செயல், படம், குறியீடு என்று உளவியலாளர் புரூனர் சொன்ன கற்றல் வரிசையில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்தால், 'நூற்றைந்து' என்றதும் குழந்தை 1005 என்று எழுதும். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறது: நூறு, பிறகு ஐந்து. அடித்துத் திருத்துவதால் பயனில்லை. 100 என்று ஓர் அட்டை, 5 என்று ஒரு சின்ன அட்டை. ஐந்தைக் கடைசிப் பூஜ்யத்தின்மேல் வைக்கச் சொல்லுங்கள். 105 கண்ணெதிரே தெரியும்.

தமிழில் பதினொன்று, இருபத்திரண்டு எல்லாம் பத்துகளையும் ஒன்றுகளையும் வாய்விட்டே சொல்லிவிடுகின்றன. தொண்ணூறு மட்டும் நூறை உள்ளே வைத்துக்கொண்டு குழப்பும். எண்பத்தொன்பதுக்குப் பிறகு குழந்தை தடுமாறினால், பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகள் ஒன்பதை முன்னால் வைத்து, அதற்குப் பெயர்தான் தொண்ணூறு என்று சொல்லுங்கள்.